‘மிராசு’ என்னும் சொல்



நம் பகுதியின் பழைய பத்திரங்களில் ‘மிராசு’, ‘மிராசுதார்’ என்னும் சொற்களைப் பலரும் கண்டிருப்பீர்கள். பெருநிலக்கிழார் என்றே இன்று பொருள் கொள்கிறோம். மூலத்தில் அது அரபுச் சொல். மத்ரஸாவில் ஃபராயிள் பாடம் ஓதியோர் அறிந்த ‘மீராஸ்’, அதாவது மரணித்தவர் விட்டுச் சென்றதில் வாரிசுகளுக்குச் சேரும் பங்கு. ‘தார்’ என்பது ஃபார்ஸியில் உடையவர். நவாபுகளின் கச்சேரிகளில் ஃபார்ஸி வழங்கிய காலத்தில் இச்சொல் இங்கே குடியேறியது. தொண்டை மண்டலத்தார் அவ்வுரிமையைக் ‘காணியாட்சி’ என்றே அழைத்து வந்தனர்.

ஸ்ரீபெரும்புதூர் அடங்கிய செங்கல்பட்டுச் சீமையை 1763இல் நவாப் முஹம்மது அலி வாலாஜா கம்பெனியாருக்கு ஜாகீராக அளித்தார். வரி வாங்க வந்தவர்களுக்கு நிலம் யாருடையது என்பதே விளங்கவில்லை! சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் மிராசு உரிமை பற்றி எழுதிய நூல் 1818இல் அச்சாயிற்று. ஊரைச் சில குடும்பங்கள் பங்குகளாக வைத்திருந்தன. பங்கை விற்கலாம், அடகு வைக்கலாம். விளைச்சலில் தனிச் சுதந்திரமும் மானியமும் உண்டு. பாயக்காரிகள் உழுதனர். பண்ணையாட்களுக்கோ ஒரு காணியும் இல்லை. தரிசைக்கூட அவர்கள் பெறவொட்டாமல் மிராசுதார்களின் முன்னுரிமை தடுத்ததைக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதினார். பஞ்சமி நிலம் வந்தது அதன் பின்னரே.

பங்கைக் குறித்த சொல், பங்கற்றவரை விலக்கும் சொல்லாயிற்று. குர்ஆனில் ‘மீராஸ்’ ஈரிடங்களில் மட்டுமே வருகிறது (3:180, 57:10). இரண்டிலும் வானங்கள், பூமியின் மீராஸ் அல்லாஹ்வுக்கே உரியது. மனிதரின் பங்கைப் பேசும் நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனமோ, சொத்து குறைவாயினும் அதிகமாயினும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பாகம் உண்டென விதிக்கிறது.

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949இல் சென்னை மாகாணத் திருத்தம் அவ்விலக்கை நீக்கிற்று. ஆகவே ‘நிலம் ஆண்மக்களுக்கு, நகை பெண்மக்களுக்கு’ என்ற வழக்கத்திற்கு மார்க்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை.

ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வந்து சென்ட் கணக்கில் விலை ஏறிய பின், விடுதலைப் பத்திரத்தில் சகோதரிகளின் கையொப்பம் பெறும் அவசரத்தைக் காண்கிறேன். தன் பங்கு எவ்வளவென்றே அறியாமல், அண்ணன் முகத்துக்காக இடும் கையொப்பத்தை மனமுவந்த விட்டுக்கொடுத்தல் என எப்படிக் கூறுவது?

பத்திரம் எழுதுமுன் பங்கைக் கணக்கிட விரும்புவோர், வாரிசுகள் அனைவரின் விவரத்துடன் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் என்னைச் சந்திக்கலாம். சகோதரிகளையும் உடன் அழைத்து வரவும்.