காலிக் கோட்டை மதிலில் நடக்கும்போது நம்மவர்களையும் தேடுங்கள்



விடுமுறை வந்தால் நமதூரிலிருந்து பஸ் பேசிக்கொண்டு காலிக்குப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. கோட்டை மதிலில் ஏறுவோம், வெளிச்சவீட்டுக்கு முன்னால் நின்று படம் எடுப்போம், பொழுது சாய முன் மாத்தறைப் பக்கம் கிளம்பிவிடுவோம். சென்ற தடவை மாணவர்களோடு நடந்தபோது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனோம். தரம் எட்டுப் பிள்ளை ஒருவன் குறுக்கே கேட்டான்: "அப்ப நம்மட ஆக்கள் எங்க இருந்த, சேர்?"

நியாயமான கேள்வி. பாடப்புத்தகம் அந்த மூன்று பெயரோடு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் மதில் எழும்பு முன்பே அங்கே ஆட்கள் இருந்தார்கள். 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா, தெவிநுவரையிலிருந்து காலிக்கு வந்து, அங்கே இப்றாஹீம் என்ற கப்பல் தலைவரின் விருந்தாளியாகத் தங்கியதை எழுதியிருக்கிறார். போர்த்துக்கேயர் வர இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது.

அடுத்த சாட்சி ஒரு கல். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணத்தோடு வந்த, 1409ஆம் ஆண்டு திகதியிட்ட கல்வெட்டு அது. 1911இல் காலி நகரில் ஒரு மதகை மூடிக் கிடந்தபோதுதான் கண்டெடுத்தார்கள். அதில் மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரைக் கோயில் தெய்வத்துக்கும் காணிக்கை. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது, அதுதான் அதிகம் தேய்ந்துபோயிருக்கிறது. செங் ஹேயும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவரே. பாரசீகம் வாசிக்கக்கூடிய வணிகர்கள் இந்தக் கரையில் இல்லாவிட்டால் அந்த மொழியில் ஏன் வெட்டவேண்டும்? கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. காலிக்குப் போகிறவர்கள் கொழும்பில் இறங்கி அதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

இனி மதிலுக்கு வருவோம். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஏறினால் அது சந்திரக் கொத்தளம். கிழக்கே துறைமுகப் பக்கம் சூரியன், மேற்கே கடற்பக்கம் நட்சத்திரம். தரைப்பக்கத்தைக் காக்க ஒல்லாந்தர் இந்த மூன்றையும் பெரிதாகக் கட்டினார்கள். போர்த்துக்கேயரிடமிருந்து 1640இல் காலியைப் பிடித்தவர்கள் அவர்கள். நட்சத்திரத்திலிருந்து கடலை வலக்கையில் வைத்துக்கொண்டு தெற்கே நடந்தால் ட்ரைட்டன் கொத்தளம் வரும். வீதிப் புழுதிக்குத் தெளிக்கக் கடல் நீரை இறைக்க அங்கே ஒரு காற்றாலை வைத்திருந்தார்களாம். நிலத்தடிக் கழிவுக் கால்வாயையும் கடலின் ஏற்றவற்றத்தாலேயே கழுவிவிடும்படி அமைத்தார்கள். கெட்டிக்காரர்கள்தான், அதை மறுக்கவில்லை.

ஆனால் அதே கெட்டிக்காரர்கள் நம்மை 'அந்நியர்' என்று பதிந்து, ஊழியம் என்ற கட்டாய வேலை வாங்கினார்கள். அதற்கு முந்தியவர்கள் இன்னும் மோசம். மாலைதீவுப் பக்கம் முஸ்லிம்களின் வாசனைத்திரவியக் கப்பல்களை மறிக்க வந்த இடத்தில்தான் லொரென்சோ த அல்மெய்தா இலங்கைக் கரையில் ஒதுங்கினார். பிறகு 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து சோனகரை வெளியேற்றினார்கள். கண்டியரசன் செனரத் இடம்கொடுத்து, ஏறக்குறைய 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். கிழக்கில் பிறந்த நாம் காலி மதிலில் நடக்கும்போது இதை நினைக்காமல் நடக்க முடியாது.

கொடிப்பாறையைக் கடந்ததும் வெளிச்சவீடு. 1848இல் கட்டிய பழையது எரிந்துபோக, இப்போதுள்ளதை 1939இல் எழுப்பினார்கள். நேர் எதிரே வெள்ளையாக நிற்பது மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். முகப்பைப் பார்த்துத் தேவாலயம் என்று நினைத்து எத்தனையோ பேர் கடந்து போகிறார்கள். உள்ளே போய் இரண்டு றக்அத் தொழுதுவிட்டு வாருங்கள். பக்கத்துத் தெருக்களில் 1892இல் தொடங்கிய பஹ்ஜத்துல் இப்றாஹீமிய்யா அரபுக் கல்லூரியும் உண்டு.

அந்தக் காலம்தான் காலி முஸ்லிம்கள் செழித்திருந்த காலமும், அடிவாங்கிய காலமும். ஐரோப்பாவிலிருந்து வந்த நீராவிக் கப்பல்கள் முதலில் காலியில்தான் நங்கூரமிட்டன. பிரயாணிகளுக்கு இரத்தினக்கல்லும் நகையும் விற்றவர்கள் சோனக வணிகர்கள். 1885இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் முடிந்தது. கப்பல்கள் அங்கே திரும்பிவிட்டன. வியாபாரம் சுருங்கினாலும் குடும்பங்கள் கோட்டைக்குள்ளேயே இருந்தன. வீடு, பள்ளி, மத்ரஸா எல்லாம் மதிலுக்குள்.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது மதிலுக்கு வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் மூழ்கின. உள்ளே இருந்தவர்களை அந்த மதிலே பெரும்பாலும் காத்தது. கடலால் போகாதவர்கள் காசால் போகிறார்கள். 1988இல் யுனெஸ்கோ மரபுரிமையாகி, பிறகு வெளிநாட்டவரும் ஹோட்டல்காரரும் வீடு வாங்கத் தொடங்கியதிலிருந்து விலை ஏறியது. ஐந்து பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கவேண்டிய வீட்டுக்குப் பெரிய விலை வந்தால் விற்பவரை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டோடு சேர்ந்து பெட்டகத்துப் பத்திரங்களும், கணக்குப் புத்தகங்களும், அரபுத் தமிழில் எழுதிய கிதாபுகளும் எங்கே போகின்றன என்பதுதான் நமக்குக் கவலை.

நமதூரிலும் காலியிலிருந்து கலியாணம் முடித்து வந்த குடும்பங்கள் உண்டு. உம்மும்மா, வாப்பும்மா யாரிடமாவது காலி, வெலிகமப் பக்கத்துப் பழைய உறுதி, கடிதம், நிக்காஹ் பதிவு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கறையான் பிடிக்க முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் இரண்டு மூன்று பேர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். பாடசாலைக்குக் கொண்டுவந்தால் அவர்களை வைத்து வாசித்து, எழுதி, மூலத்தை அன்றைக்கே உங்கள் கையில் திருப்பித் தருகிறோம்.