இடக்கையின் காலம், வலக்கையின் பாட்டு: பியானோ நாக்டர்னின் வரலாறு

ஜான் ஃபீல்டு 1782இல் டப்ளினில் பிறந்தவர். சிறு வயதிலேயே லண்டனில் முட்சியோ கிளெமென்டியிடம் மாணவராகச் சேர்ந்தார். கிளெமென்டி இசையமைப்பாளர் மட்டுமல்லர். பியானோ செய்து விற்றவரும்கூட. கடைக்கு வருவோருக்கு ஒவ்வொரு பியானோவின் நாதத்தையும் வாசித்துக் காட்டுவது ஃபீல்டின் வேலையாயிற்று. நாக்டர்ன் (இரவிசை) என்னும் பியானோ இசை வடிவம் பிறந்ததில் இந்தக் கடை வேலைக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து. எந்தத் தந்தி எவ்வளவு நேரம் ஒலிக்கும், எங்கே மங்கும் என்பதை அவர் காது அங்கேதான் பழகியது.

பியானோவில் விரலை எடுத்ததும் கம்பளித் துண்டு ஒன்று தந்தியின் மேல் விழுந்து ஒலியை நிறுத்திவிடும். காலால் பெடலை மிதித்தால் எல்லாத் துண்டுகளும் ஒருசேர மேலெழும். விரல் விலகிய பின்னும் ஒலி தொடரும். ஃபீல்டின் முதல் நாக்டர்ன் இந்த வசதியின் மேல்தான் நிற்கிறது. இடக்கை அடிச்சுரத்தைத் தொட்டுவிட்டு, ஒரு ஸ்தாயிக்கும் அப்பால் தாவித் தாவிச் சுரங்களைப் பிரித்து வாசிக்கிறது. கை அகன்ற பின்னும் அடிச்சுரத்தைத் தாங்கி நிற்பது பெடல். அந்த ஒலிப்பரப்பின் மேல் வலக்கை ஒற்றைக் குரலாகப் பாடுகிறது. பெடல் இல்லாத கருவியில் இந்த இசை துண்டு துண்டாக உதிர்ந்துவிடும்.

1802இல் கிளெமென்டியுடன் ரஷ்யாவுக்குப் போன ஃபீல்டு அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய முதல் நாக்டர்ன்கள் 1812இல் பீட்டர்ஸ்பர்க்கில் அச்சேறின. 1837இல் மாஸ்கோவில் அவர் இறந்தார். ஆக, பாரிஸ் வரவேற்பறைகளோடு நாம் சேர்த்துப் பார்க்கும் இந்த வடிவத்தை உருவாக்கியவர் ரஷ்யாவில் வாழ்ந்த ஓர் ஐரிஷ்காரர். போலந்து இசையமைப்பாளர் ஷோப்பானின் முன்னோடி என்ற ஒற்றை வரியில் அவரை அடக்குவது நியாயமில்லை. 1859இல் ஃபீல்டின் நாக்டர்ன்களைப் பதிப்பித்து முன்னுரை எழுதிய இசையமைப்பாளர் லிஸ்ட், புதியதொரு வகையைத் தோற்றுவித்தவராகவே அவரை மதித்தார். போலந்தில் பிறந்து அதே பீட்டர்ஸ்பர்க்கில் 1831இல் மறைந்த மரியா ஷிமனோவ்ஸ்காவும் ஷோப்பானுக்கு முந்தைய நாக்டர்ன் படைப்பாளியே.

ஷோப்பான் 1831இல் பாரிஸ் வந்தார். அவருடைய ஓபஸ் (படைப்பு எண்) 9 நாக்டர்ன்கள் அடுத்த ஆண்டே வெளிவரத் தொடங்கின. இத்தாலிய ஓப்பெராப் பாடகர்களைக் கேட்டுப் பழகுமாறு மாணவர்களிடம் வற்புறுத்தியவர் அவர். ஃபீல்டின் நாக்டர்ன்களையும் அவர்களுக்குப் பாடமாக வைத்தார். ஆனால் ஃபீல்டிடம் இல்லாத மோதலை உள்ளே கொண்டுவந்தார். 1841இல் வெளிவந்த ஓபஸ் 48, முதல் நாக்டர்னில் நடுப்பகுதி தேவாலயப் பாட்டைப் போல நிதானமாகத் தொடங்கி, இரு கைகளிலும் இடிமுழக்கமாகப் பெருகுகிறது. தொடக்க மெட்டு திரும்பும்போது அதற்குப் பழைய அமைதி வாய்ப்பதில்லை; இரட்டை வேகத்தில் பதைபதைத்தபடி வருகிறது.

நாக்டர்னை வாசித்த கலைஞர்களின் வரலாற்றை விளக்க ஓபஸ் 9, இரண்டாம் நாக்டர்னைவிடத் தகுந்த சான்று எனக்குத் தெரியவில்லை. இடக்கை அடிச்சுரம் ஒன்று, கூட்டுச்சுரங்கள் இரண்டு என்று மாறாத நடையில் போகிறது. முதன்மை மெட்டு நான்கு முறை வருகிறது. வரும்போதெல்லாம் அதன் அலங்காரம் கூடுகிறது. அச்சில் உள்ளதோடு இது நிற்கவில்லை. மாணவர்களின் பிரதிகளில் ஷோப்பான் வெவ்வேறு அலங்காரங்களைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். இடக்கை காலத்தைக் காக்க வேண்டும், வலக்கை அதன் மேல் முந்தியும் பிந்தியும் பாடலாம் என்பதே அவர் சொல்லித்தந்த ரூபாட்டோ. அவருடைய பியானோவின் மேல் காலத்தை அளந்து தட்டும் மெட்ரோனோம் எப்போதும் இருந்தது என்று மாணவர் கரோல் மிகுலி பதிவு செய்திருக்கிறார்.

அந்த மிகுலியிடம் பயின்ற ரவுல் கோச்சால்ஸ்கி 1938இல் இதே நாக்டர்னை அந்த மாற்று அலங்காரங்களோடு இசைத்தட்டில் பதிந்தார். அதற்கும் முன்பு, 1906இல், பியானோ ஆசான் தியோடோர் லெஷெட்டிட்ஸ்கி ஓபஸ் 27, இரண்டாம் நாக்டர்னைத் தானியங்கிப் பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருளில் பதித்தார். சுருள் தொடுகையின் மென்மையைச் சரியாகக் காட்டாது. ஆனால் இரு கைகளும் ஒரே கணத்தில் இறங்கவில்லை என்பது தெளிவாகக் கேட்கிறது. அவரிடம் பயின்ற இக்னாஸ் ஃபிரீட்மன் 1936இல் பதித்த ஓபஸ் 55, இரண்டாம் நாக்டர்னில் மூன்று குரல்கள் தனித்தனியே மூச்சு விடுகின்றன. இதற்கு இணையாக வேறொன்றை நான் கேட்டதில்லை.

அதே ஆண்டுகளில் பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் லண்டனில் நாக்டர்ன்களைத் தொகுப்பாகப் பதிந்தார்; 1965இல் மூன்றாம் முறையாகவும் பதிந்தார். மிகைப்பாவத்தை நீக்கி நாக்டர்னுக்குக் கண்ணியம் சேர்த்தவர் அவர். ஆனால் இழப்பும் உண்டு. தனித்தனியாகத் தேர்ந்து வாசிக்கப்பட்டவை வரிசையாகக் கேட்கும் தொகுப்பாயின. கைகள் பிரிந்து இறங்குவது பழங்காலக் குறையென ஒதுக்கப்பட்டது. பின்வந்த பியானோ கலைஞர்களான அர்ராவ், பிரெஷ், பொலினி ஆகியோரின் பதிவுகள் தம்முள் எவ்வளவு வேறுபட்டாலும் அச்சுப்பிரதியைத் தாண்டுவதில்லை. பிரெஷின் பதிவை நான் உயர்வாகவே மதிக்கிறேன். ஆயினும் அச்சுக்கு உண்மையாக இருப்பதையே ஷோப்பானுக்கு உண்மையாக இருப்பதாகக் கொள்வதை மிகுலி வழிச் சான்றுகள் ஏற்கவிடுவதில்லை.

இப்போது கதவு மீண்டும் திறக்கிறது. யான் எகியர் பதிப்பித்த போலந்து தேசியப் பதிப்பு, ஓபஸ் 9, இரண்டாம் நாக்டர்னின் மாற்று அலங்காரங்களையும் அச்சிட்டுத் தருகிறது. பியானோ கலைஞர் பார்ட் வான் ஓர்ட் ஃபீல்டையும் ஷோப்பானையும் பழைய வகைப் பியானோக்களில் பதிந்திருக்கிறார். அவற்றில் நாதம் விரைவில் தேய்வதால், இன்றைய கச்சேரிப் பியானோவில் கலங்கிப்போகும் நீண்ட பெடல் குறிகளை எழுதியபடியே வாசிக்க முடிகிறது.