இரண்டு மாயாவிகளும் ஒரு மரியோவும்

எங்க ஊர்ப் பக்கம், அதாவது நெய்யாறு கடலில் சேரும் பூவாரில் தொடங்கிப் பாறசாலை வரை, யாரிடமாவது 'மாயாவி' என்று சொல்லிப் பாருங்கள். தமிழில் வாசித்து வளர்ந்தவருக்கு ஓர் இரும்புக்கை ஞாபகம் வரும். மலையாளத்தில் வாசித்தவருக்கு மந்திரக்கோல் வைத்திருக்கும் குட்டிச்சாத்தான் ஞாபகம் வரும். இரண்டும் தெரிந்தவர், "எந்த மாயாவி?" என்று திருப்பிக் கேட்பார்.

1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. எல்லைக்கோடு விழுந்ததே தவிர மொழி இரண்டாகப் பிரியவில்லை. பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. இரண்டு மொழிப் புத்தகங்களும் கைக்கெட்டும் தூரம்தான்.

தமிழ் மாயாவி பிறந்தது இங்கிலாந்தில். 1962-இல் 'வேலியன்ட்' என்ற வார இதழில் வந்த 'ஸ்டீல் க்ளா' தொடர் அது. வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. 1972-இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் அதை 'இரும்புக்கை மாயாவி' என்று கொண்டுவந்தது. உள்ளே படங்கள் அதே வெளிநாட்டுப் படங்கள். பேச்சும் பெயரும் நம்முடையவை.

மலையாள மாயாவி நேர் எதிர்த்திசையில் வந்தவன். 1984-இல் 'பாலரமா' இதழில் வந்த அவனுக்குக் கதை எழுதியவர் என்.எம்.மோகன். படம் போட்டவர் பிரதீப் சாத்தே. 'டிங்கிள்' இதழில் காலியா காக்காவை வரைந்தவரும் இவரே. குட்டிச்சாத்தான் என்றால் கேரளத்தில் பெரியவர்களே பயப்படுகிற சங்கதி. அதைக் குழந்தைகளுக்கு உதவி செய்கிற சின்னப் பையனாக மாற்றிவிட்டார்கள். அதே 1984-இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற முப்பரிமாணப் படமும் வந்தது. ஊர் பயந்த ஓர் உருவம் ஒரே வருடத்தில் இரண்டு இடத்தில் பிள்ளைகளின் தோழனாகிவிட்டது!

சரி, இந்த இரண்டு மாயாவிகளுக்கும் மரியோவுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

இங்கே நம்மவர் வீடுகளுக்குப் போனால் ஏதாவது ஒரு பிள்ளை மேசையில் குனிந்து வரைந்துகொண்டிருக்கும். மரியோ, பிகாச்சு, இப்படி ஏதாவது. உடனே அப்பாவோ அம்மாவோ, "சும்மா விளையாட்டிலிருந்து காப்பி அடிக்கிறான், சொந்தமா ஒண்ணும் வரையமாட்டேங்கிறான்" என்பார்கள். அந்தப் பேச்சு எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்பதற்கு வீடியோ கேம் வரலாறே சாட்சி.

1981-இல் நிண்டெண்டோவில் ஷிகேரு மியாமோட்டோ என்ற இளைஞர் ஒரு விளையாட்டு செய்யவேண்டி வந்தது. முதலில் நினைத்தது பாப்பாயை வைத்துத்தான். (பசலைக்கீரை தின்னும் அந்த மாலுமியை ஈ.சி.சீகர் 1929-இல் படைத்தார்.) அனுமதி கிடைக்கவில்லை. உடனே பாப்பாயின் இடத்தில் ஒரு தச்சன், முரடன் புளூட்டோ இடத்தில் ஒரு குரங்கு, ஆலிவ் இடத்தில் ஒரு பெண். 'டாங்கி காங்' பிறந்தது. அந்தத் தச்சன்தான் பிற்பாடு குழாய் வேலைக்காரனாகி மரியோ ஆனான்.

அவன் உருவத்தைப் பாருங்கள். திரையில் அவனுக்குக் கிடைத்த இடம் 16க்கு 16 புள்ளி. அதற்குள் தலைமுடியை வரைவது கஷ்டம், அதனால் தொப்பி. வாய் தெரியாது, அதனால் பெரிய மூக்குக்குக் கீழே மீசை. ஓடும்போது கை அசைவது தெரியவேண்டும், அதனால் சட்டை ஒரு நிறம், மேலே மாட்டிய தோள்பட்டைக் கால்சட்டை வேறு நிறம். அழகுக்காக வைத்தது ஒன்றுமில்லை. இடமில்லாத குறைதான் அவனுக்கு முகம் கொடுத்தது.

அப்புறம் 1985-இல் யோய்ச்சி கோட்டாபே நிண்டெண்டோவுக்கு வந்தார். 'ஹைடி' என்ற 1974 கார்ட்டூன் தொடரில் வேலை செய்த கைதேர்ந்த அனிமேஷன்காரர். புள்ளிகளில் இருந்த மரியோவை உருண்டு திரண்ட கார்ட்டூன் உருவமாக நிலைநிறுத்தியதில் அவர் கைக்குப் பெரிய பங்கு. புள்ளியில் இல்லாத கன்னமும் விரலும் காகிதத்தில் வந்தன. தொப்பியும் மீசையும் மட்டும் போகவில்லை. 1990-இல் யுக்கியோ சவாடா 'சூப்பர் மரியோ-குன்' என்ற சிரிப்புக் காமிக்ஸைத் தொடங்கினார். அங்கே மரியோ முகம் கோணி, கண் பிதுங்கி, படு கோமாளி. ஆனாலும் மரியோதான்!

இன்னொரு உதாரணம். 1986-இல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டுக்காக யூஜி ஹோரி ஒரு கூழ் பிசாசைக் கிறுக்கிக் கொடுத்தார். தரையில் கொட்டிய குழம்பு மாதிரி ஒரு குவியல். ஓவியர் அகிரா தோரியாமா (2024-இல் காலமானார்) அதைத் தண்ணீர்த் துளி வடிவமாக்கி, இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும் வைத்தார். அருவருப்பாக இருக்கவேண்டியது பொம்மையாக விற்கும் செல்லப்பிள்ளையானது. பிகாச்சுவும் அப்படித்தான். அட்சுகோ நிஷிடா உருவாக்கி 1996-இல் வெளிவந்த பிகாச்சு குண்டு. 1997-இல் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபின் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது. கன்னத்துச் சிவப்பும் மின்னல் வாலும் அப்படியே இருந்தன.

ஆக, ஓர் உருவத்தில் இரண்டு பகுதி உண்டு. தொட்டால் அவன் அவனாக இல்லாமல் போகிற மூன்று நான்கு அடையாளங்கள் ஒரு பகுதி. மிச்சமெல்லாம் வரைபவரின் கைக்கு விட்ட இடம். எது எது என்று பிரிக்கத் தெரிவதுதான் படிப்பு. அதை வெறும் காப்பி என்பது, பாட்டு வாத்தியாரிடம் கீர்த்தனை கற்கும் பிள்ளையைப் பார்த்து "சொந்தமா பாடு" என்பது போல.

ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும். வீட்டு நோட்டில் வரைவது ஒரு காரியம், அதைப் பனியனில் அச்சடித்து விற்பது வேறு காரியம். விற்கப்போனால் உருவத்தின் உரிமையாளர் அனுமதி வேண்டும். பாப்பாய் கிடைக்காதபோது மியாமோட்டோ செய்ததும் அதுதான்: மூன்று பேருக்குள் இருந்த உறவை எடுத்துக்கொண்டார், உருவங்களைப் புதிதாகச் செய்தார்.

அதனால் உங்கள் பிள்ளை மரியோவுக்கு முண்டு கட்டி, கையில் தேங்காய் கொடுத்து வரைந்துகொண்டு வந்தால் திட்டாதீர்கள். "எதையெல்லாம் மாத்தின, எதை விட்டுவச்ச, ஏன்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் பிள்ளை நல்ல வழியில்தான் போகிறது. அப்படியே நம்ம ஊர் மாயாவிகள் இரண்டு பேரையும் அறிமுகம் செய்துவையுங்கள். வரைவதற்கு இன்னும் இரண்டு ஆள் கிடைத்த மாதிரியும் இருக்கும், அப்பா அம்மா என்ன வாசித்து வளர்ந்தார்கள் என்று தெரிந்த மாதிரியும் இருக்கும் :-)