மாத்திரையின் அரை ஆயுளும் சேத்துப்பட்டு ஆராய்ச்சியும்

1/ பார்மசி படிக்கும் தம்பி தங்கைகளுக்கும், மாத்திரை சாப்பிடும் எல்லாருக்குமான இழை இது. பாடத்தில் நாலு மார்க் கேள்வியா வர்ற "ஹாஃப் லைஃப்", அதாவது அரை ஆயுட்காலத்துக்கு நம்ம தமிழ்நாட்டிலேயே ஒரு வரலாறு இருக்கு.

2/ முதலில் கணக்கு. ரத்தத்தில் இருக்கும் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்தான் அரை ஆயுள். 100 இருந்தால் 50, பிறகு 25, 12.5, 6.25, கடைசியில் 3 சொச்சம். ஐந்து அரை ஆயுள் கழிந்தால் மருந்து ஏறக்குறைய வெளியேறிவிட்டது என்று கொள்ளலாம்.

சூத்திரம் சுலபம்: 0.693ஐ வெளியேற்ற மாறிலியால் வகுக்கணும். மாறிலி மணிக்கு 0.231 என்றால் அரை ஆயுள் 3 மணி நேரம்.

3/ இப்போ காசநோய் மருந்து ஐசோநியாசிடை எடுத்துக்குவோம். இதைக் கல்லீரல் சிதைக்கும் வேகம் மரபணுவைப் பொறுத்தது. வேகமாகச் சிதைப்பவர்களுக்கு அரை ஆயுள் சுமார் 1 மணி நேரம். மெதுவாகச் சிதைப்பவர்களுக்கு சுமார் 3 மணி நேரம்.

அதாவது காலையில் போட்ட மாத்திரை ஒருத்தருக்கு மதியத்துக்குள்ளேயே காலி. இன்னொருத்தருக்கு ராத்திரி வரை தாங்கும். அப்படின்னா பிரிச்சுப் பிரிச்சுக் கொடுக்கிறதுதானே சரி?

4/ சோதித்துப் பார்த்த இடம் சென்னை சேத்துப்பட்டு. 1956இல் அங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்தினார்.

சானடோரியத்தில் படுக்கவைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் நோய் குணமாகும் என்று 1959இல் நிரூபித்தது இந்த மையம்தான்.

5/ 1960இல் அடுத்த முடிவு. ஒரே அளவு ஐசோநியாசிடை ஒரு குழுவுக்கு ஒரே வேளையாகவும், இன்னொரு குழுவுக்கு இரண்டாகப் பிரித்தும் கொடுத்தார்கள். ஜெயித்தது ஒரே வேளை!

6/ ஏன்? காசநோய்க் கிருமி ரொம்ப மெதுவாகப் பெருகும். ஒருமுறை பலமா அடி விழுந்தால், மருந்து ரத்தத்தை விட்டுப் போன பிறகும் அது எழுந்து மறுபடி பெருக நேரம் எடுக்கும். பிரித்துக் கொடுத்தால் ரத்தத்தில் உச்ச அளவு குறையும், அடியும் பலவீனமாகும்.

அரை ஆயுள் சொல்வது மருந்து உடம்பில் இருக்கும் நேரத்தை. வேலை செய்யும் நேரத்தை அல்ல.

7/ அப்புறம் இன்னும் துணிந்தார்கள். அளவைக் கூட்டி, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோடு வாரம் இரண்டே முறை, மருத்துவப் பணியாளர் கண் முன்னாலேயே கொடுத்தார்கள். 1964இல் வந்த முடிவு: தினசரி மருந்துக்குச் சளைக்கவில்லை. பின்னாளில் "டாட்ஸ்" என்று நாம் அறிந்த முறைக்கு இது ஒரு முக்கிய வேர். எங்க திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைக்கோ நூல் மில்லுக்கோ போற தினக்கூலிக்கு, வேலையை விடாமல் குணமாகும் வழி இதனால்தான் திறந்தது.

8/ அப்போ அரை ஆயுள் தேவையே இல்லையா? இருக்கு. வாரம் ஒரே முறை கொடுத்துப் பார்த்தபோது, மருந்தை வேகமாகச் சிதைப்பவர்களுக்குக் குணம் குறைந்தது. இடைவெளியை ரொம்ப இழுத்தால் அந்த 1 மணி நேரக் கணக்கு வந்து நிற்கும்.

9/ இன்று நம் நாட்டில் காசநோய்க்குத் தினசரி மருந்துதான். 2017இல் நாடு முழுக்க அதற்கு மாறினோம். உங்களுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரைகளை, சொன்ன எண்ணிக்கையில், ஒரே வேளையில் போடுங்க. வாந்தி, குமட்டல், கண் மஞ்சளானால் நீங்களாகப் பாதியாக்காமல் உடனே டாக்டரிடம் வாங்க.

மருந்தாளுநராகப் போற தம்பி தங்கைகளே, "பிரிச்சுப் போடலாமா?" என்று கவுன்ட்டரில் கேட்பவருக்கு இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. காரணம் தெரிந்தவர் மருந்தை நடுவில் விடமாட்டார்.