வெயில் மறைக்கிற விரல் நோய்

1918 குளிர்காலம். அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்துல பெட்ஃபோர்டுன்னு ஒரு ஊர். சுண்ணாம்புக்கல் செதுக்குறதுதான் அங்க தொழில். அந்தத் தொழிலாளிகளோட கைகளைப் பரிசோதிக்க டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் வந்தார். காற்றழுத்தத்துல ஓடுற சுத்தியலைப் பிடிச்ச விரல்கள் குளிர்ல வெள்ளையாகி மரத்துப்போயிருந்தன. அதிர்வு, இறுக்கிப் பிடிக்கிறது, குளிர், மூணும் சேர்ந்த வினைன்னு எழுதினார்.

குளிர் இருந்ததால நோய் கண்ணுக்குத் தெரிஞ்சது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ல?

1936ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதிலிருந்து இது நூற்பாலைப் பகுதி. மில் இருந்தா மெயின்டனன்ஸ் ஃபிட்டர் இருப்பார், அவர் கையில கிரைண்டர், டிரில் இருக்கும். ஆனா இந்த வெயில்ல விரல் வெளுக்கிறது அபூர்வம். மரத்துப்போறதும் சட்டை பட்டன் போடத் தடுமாறுறதும்தான் தெரியும். அதைத்தான் நாம "சுகரா இருக்கும்"னு தள்ளிடுறோமே!

அப்போ அளந்து பார்த்தாத்தான் உண்டு. 2002ல வந்த ஐரோப்பிய விதிப்படி, எட்டு மணி நேரக் கணக்குல அதிர்வு 2.5 மீ/வி² தாண்டினா முதலாளி நடவடிக்கை எடுக்கணும். 5 தாண்டவே கூடாது. நம்ம பழைய 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட பட்டியல்ல 29 நோய்கள் இருந்தன. சத்தத்தால காது கேக்காமப் போறது அதுல இருந்தது, அதிர்வு நோய் இருக்கலை.

டூலோட வர்ற புக்லெட்டுல பெரும்பாலும் அதிர்வு அளவு போட்டிருக்கும். எத்தனை நிமிஷம் பிடிச்சார்னு ஒரு நோட்டுல எழுதினா, மீதி வெறும் கணக்குதான்.