டார்வின் தாத்தாவும் மண்புழுக்களும்



ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாலு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். அகவிலைப்படி, சர்க்கரை அளவு, முழங்கால் வலி, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள். எல்லாம் பேசி முடித்தபின் யாராவது ஒருவர் மெதுவாகச் சொல்வார், "பொழுதே போகமாட்டேங்குது சார்" என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

சார்லஸ் டார்வினை நாம் எல்லோரும் வகுப்பில் சொல்லியிருக்கிறோம். பீகிள் கப்பல், கலபாகஸ் தீவுகள், 1859இல் வந்த உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல். அத்தோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் அதன்பிறகும் அவர் 22 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அந்தக் கடைசிக் காலம்தான் நம் வயதுக்காரர்களுக்கான பாடம்.

1842 முதல் இறக்கும்வரை 40 ஆண்டுகள் அவர் இருந்தது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு கிராமத்து வீட்டில். உடம்பு எப்போதும் சரியில்லை. வயிற்றுக் கோளாறு, வாந்தி, தலைசுற்றல். அதனால் நாளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டார். காலையில் ஒன்றரை மணி நேரம் வேலை. பிறகு கடிதங்கள். மனைவி எம்மாவோ வீட்டில் வேறொருவரோ ஒரு கதை வாசிக்க, படுத்துக்கொண்டே கேட்பது. கதை நல்லபடியாக முடிய வேண்டும் என்பார். சோகமாக முடியும் நாவல்களைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்றுகூட வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு தோப்பைச் சுற்றி மணல் பாதை. நண்பகலில் அதில் நடை. எத்தனை சுற்று என்று கணக்குப் பார்க்க, பாதையோரம் கற்களைக் குவித்து வைத்து, சுற்றுக்கு ஒரு கல்லைத் தள்ளிவிடுவாராம். வயதான பிறகு அந்தக் கணக்கை விட்டுவிட்டார். தெம்பு இருக்கும்வரை நடப்பது, முடியாவிட்டால் திரும்பிவிடுவது. இதை அவர் மகன் பிரான்சிஸ் எழுதி வைத்திருக்கிறார்.

இரவில் எம்மாவோடு இரண்டு ஆட்டம் பேக்கேமன். நம் ஊர்த் தாயம் போல, பகடை உருட்டிக் காய் நகர்த்தும் விளையாட்டு. ஆண்டுக்கணக்காக வெற்றி தோல்வியைக் குறித்து வைத்திருக்கிறார். 1876 ஜனவரியில் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், எம்மா 2490 ஆட்டம் ஜெயித்தாள், நான் 2795 என்று குழந்தையைப் போலக் குதூகலிக்கிறார். அப்போது அவருக்கு 66 வயது.

அதே 1876 செப்டம்பரில் அந்த வீட்டில் இடி விழுந்தது. பிரான்சிஸின் மனைவி ஏமி, பிரசவமான சில நாட்களில் இறந்துபோனாள். மகன் கைக்குழந்தையோடு பெற்றோர் வீட்டுக்கே வந்துவிட்டார். பெர்னார்டு என்ற அந்தப் பேரன் தாத்தா பாட்டியின் மடியில்தான் வளர்ந்தான். ஏற்கெனவே பத்து வயது மகள் ஆனியை 1851இல் பறிகொடுத்த வீடு அது. துக்கம் தெரியாத வீடு இல்லை.

அந்தக் காலத்தில்தான் டார்வின் மண்புழுவைக் கையில் எடுத்தார். புதிய ஆசை அல்ல. 1837இல், 28 வயதில், மண்புழு பற்றி ஒரு கட்டுரை படித்திருந்தார். 1842இல் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பி வைத்தார். 29 ஆண்டு கழித்து 1871இல் அங்கே பள்ளம் தோண்டிப் பார்த்தபோது, அந்தக் கற்கள் 7 அங்குலம் கீழே இருந்தன. கற்கள் தாமாக இறங்கவில்லை. புழுக்கள் அடிமண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து போட்டுப் போட்டு, மேல்மண் உயர்ந்திருக்கிறது.

68 வயதில் ஸ்டோன்ஹெஞ்ச் போனார். சாய்ந்து விழுந்த பழங்கற்கள் எவ்வளவு புதைந்திருக்கின்றன என்று அளந்தார். வீட்டில் தொட்டிகளில் புழு வளர்த்தார். அவற்றுக்குக் காது கேட்குமா என்று விசில் ஊதியும், பசூன் என்ற பெரிய குழலை வாசித்தும் பார்த்தார்கள். புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து வாசித்தபோது, அதிர்வு பட்டதும் வளைக்குள் ஓடிவிட்டன. இலையை எந்தப் பக்கம் பிடித்து இழுக்கின்றன என்று அறிய, காகிதத்தை முக்கோணமாக வெட்டிப் போட்டார். 303 முக்கோணங்கள். நூற்றுக்கு 62 கூர்முனையைப் பிடித்தே இழுக்கப்பட்டிருந்தன.

இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கருக்கு ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியே மேலே வருகிறது என்று கணக்கிட்டார். 1881 அக்டோபரில் நூல் வெளிவந்தது. யார் படிப்பார்கள் என்று தயங்கினார். சில வாரங்களில் ஆயிரக்கணக்கில் விற்றது. "மண்புழு உழவனின் நண்பன்" என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததற்குப் பின்னால் இந்த 72 வயதுக் கிழவரின் உழைப்பும் இருக்கிறது.

இவர் எப்போதும் உற்சாகமாக இருந்தார் என்று சொன்னால் அது பொய். 1881 கோடையில், புழு நூலை அச்சுக்குக் கொடுத்துவிட்டுக் கையில் வேலை இல்லாதபோது, வாழ்க்கை மிகவும் அலுப்பாக இருக்கிறது என்று வாலஸுக்கு எழுதினார். ஆகஸ்டில் அண்ணன் எராஸ்மஸ் காலமானார். டார்வினுக்கே "பொழுது போகமாட்டேங்குது" நோய் வந்திருக்கிறது நண்பர்களே. நமக்கு வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் என்ன செய்தார்? பெரிய திட்டம் எதுவும் போடவில்லை. செடிகளின் வேரை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"அவருக்கென்ன சார், சொத்து இருந்தது, வேலைக்கு ஆள் இருந்தது, பார்த்துக்கொள்ள மனைவி இருந்தாள்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எம்மாவின் உழைப்பு இல்லாமல் அந்த வாழ்க்கை நடந்திருக்காது. மனைவியை இழந்து தனியாக இருக்கும் நம் நண்பர்களுக்கு இரவு ஆட்டத்துக்கு எதிரில் ஆள் இல்லை, அதுவும் உண்மை. ஆனால் புழுவுக்குக் காசு இல்லை. காகித முக்கோணத்துக்கும் காசு இல்லை. ஒரு சின்ன விஷயத்தை நேற்றும் பார்த்தேன், இன்றும் பார்க்கிறேன், நாளை என்ன ஆகும் என்ற ஆவல் இருந்தால், காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

அவர் வருந்திய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கவிதை, இசை ரசிக்கும் மனம் வயதில் வறண்டுவிட்டது என்று தன் வரலாற்றில் எழுதினார். மறுபடி வாழக் கிடைத்தால் வாரம் ஒரு முறையாவது கொஞ்சம் கவிதை படிப்பேன், இசை கேட்பேன் என்றார். நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

1882 ஏப்ரல் 17. இதயம் மிகவும் பலவீனம். அன்று பிரான்சிஸ் சற்று நேரம் வெளியே போயிருந்தார். அவர் செய்துவந்த ஒரு சோதனை எந்த அளவில் இருக்கிறது என்று தகப்பனார் போய்ப் பார்த்துக் குறித்து வைத்தார். 19ஆம் தேதி இறந்துபோனார்.

நாளை காலை உங்கள் வாசலிலோ மொட்டை மாடியிலோ ஏதாவது ஒன்றைக் கவனியுங்கள். எறும்பு வரிசையோ, முருங்கையின் புதுத் துளிரோ, ஒரே நேரத்துக்கு வரும் காக்கையோ எதுவானாலும் சரி. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கும் சொல்லுங்கள்.