கிராண்ட்டின் பின்பக்கம்: சிரம்பான் கடைவீடுகள் கைமாறிய கதை

சிரம்பான் பழைய டவுனில், போருக்கு முன் கட்டிய ஒரு கடைவீட்டின் கிராண்ட்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, எடுத்துப் பாருங்கள். முதல் சொந்தக்காரர் யார், யாரிடம் அடமானம் வைத்தார், யார் கேவியட் என்ற உரிமைத் தடை போட்டார், எந்த ஆண்டில் ஏலம் போனது, ஏலத்தில் எடுத்தவர் யார் என்று எல்லாம் வரிசையாகப் பதிவாகியிருக்கும். தென் ஆஸ்திரேலியாவில் 1858 இல் பிறந்து மலாயாவுக்கு வந்த டோரன்ஸ் நிலப்பதிவு முறையின் பலன் அது. நான் வக்கீல் அலுவலகக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். நில அலுவலகத்தில் இந்தக் கிராண்டுகளைத் தேடிப் படித்ததே என் உத்தியோகத்தின் பெரும்பகுதி.

இப்போது குடியிருப்பது சிரம்பான் அம்பாங்கானில். கோலப்பிலா சாலைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் கடைகளில் 'லேலோங்' (ஏல) அறிவிப்பு ஒட்டியிருப்பதைப் படம் பிடித்துக்கொண்டு வந்து, "அங்கிள், விலை ரொம்ப இறங்கிடுச்சு, எடுக்கலாமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எடுக்கலாம், வேண்டாம் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை. நொடித்தவர்களின் கட்டடங்களை இந்த ஊரில் யார் யார் வாங்கினார்கள், அவர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைத் தெரிந்துகொண்டு அவர்கள் முடிவெடுக்க வேண்டும்.

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891 இல் ரயில் ஓடத் தொடங்கியபோது, சிரம்பானைச் சூழ்ந்த சுங்கை ஊஜோங் பகுதித் துரைமார்கள் நம்பியிருந்தது காப்பியை. பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து, 1890களின் பிற்பகுதியில் விலை சரிந்தது. காப்பியை நம்பிக் கடன் வாங்கியவர்கள் விழுந்தார்கள். கித்தா (ரப்பர்) நட்டவர்கள் எழுந்தார்கள். 1910 ஏப்ரலில் லண்டன் சந்தையில் ஒரு றாத்தல் ரப்பர் 12 ஷில்லிங் 9 பென்ஸ் வரை போனது. தோட்டம் பெருகப் பெருக டவுனில் கடை வரிசைகள் பெருகின. தோட்டத்துச் சம்பள நாள்தான் டவுன் கடைகளுக்கு வியாபார நாள். அந்தக் கடைகளுக்கும், சிறு தோட்டக்காரர்களுக்கும், ஈய லம்பக்காரர்களுக்கும் முதல் தந்தவர்களில் முக்கியமானவர்கள் செட்டிநாட்டு நகரத்தார்.

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் அவர்களுக்குக் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது தொழில் நிறுவனத்துக்கும், ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்கள். முதலாளி ஊரில் இருப்பார். மேலாள் மூன்றாண்டு கணக்குக்குக் கப்பலேறி வந்து, கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவார். அவருக்கு வேண்டியது சுழலும் பணம். ஊருக்குத் திரும்பும் நாளில் வசூலாகாமல் நிற்கும் கடனும் விற்க முடியாத கட்டடமும் அவருடைய கணக்கைக் கெடுக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மலாயாவில் செட்டியார்கள் கடைவீடுகளுக்குச் சொந்தக்காரர்களானதை, அவர்கள் ஆசைப்பட்டு வளைத்ததாகவே பலர் இன்றும் பேசுகிறார்கள். கிராண்டுகளில் நான் படித்தது வேறு. அவர்கள் பெயர் முதலில் அடமானக்காரராக வருகிறது. பல ஆண்டு கழித்தே சொந்தக்காரராக வருகிறது.

அந்த மாற்றம் பெருமளவில் நடந்தது 1930களின் முதல் பாதியில். 1925 இல் ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற ஒரு றாத்தல் ரப்பர், 1932 நடுவில் ஐந்து காசு அளவுக்கு விழுந்தது. பல மாவட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாள்கூலி 1930 இல் 40 காசு, 32 காசு என்று வெட்டப்பட்டது. பிறகு இன்னும் இறங்கியது. வேலை இல்லாத தமிழர்களைக் கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். தோட்டத்துக் குடியிருப்பான லயம் காலியானால் டவுனில் கடை காலியாகும். மளிகைக்காரர் தோட்டத்தில் கொடுத்திருந்த பற்று திரும்பி வரவில்லை. அவர் கடை வாடகை கட்டவில்லை. வாடகையை நம்பியிருந்த கட்டடக்காரர் செட்டியாருக்கு வட்டி கட்டவில்லை. மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்கள் போக, மிச்சமிருந்தவர்களின் சொத்து ஏலத்துக்கு வந்தது. ஏலத்தில் கேட்க எவர் கையிலும் ரொக்கம் இல்லை. கடன் கொடுத்தவரே எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அரசாங்கமும் பயந்தது. மலாய்க்காரர்களின் சிறு நிலங்கள் ஏலத்தில் போவதைத் தடுக்க, கூட்டு மலாய் மாநிலங்களில் 1931 இல் சிறு நில விற்பனைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1913 இல் போட்ட மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1933 இல் இறுக்கப்பட்டது. நெருக்கடி வந்தால் ஏல விதிகள் மாறும் என்பது அன்றே தெரிந்த பாடம்.

பர்மாவில் இதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930 இல் சுமார் 6 விழுக்காடு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938 க்குள் அது 25 விழுக்காடானது. நெல் விலை விழுந்ததால் கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்த நிலம் அது. பர்மாவின் கால்வாசி நிலத்தை ஆண்டார்கள் என்று பெருமை பேசுவோர் உண்டு. அந்த நிலத்தில் பெரும்பகுதியை அவர்களால் பணமாக்க முடியவில்லை. ஜப்பான் படையெடுப்பில் ஏராளமானோர் கால்நடையாக அசாம் வழியே ஓடிவந்தார்கள். 1948 இல் பர்மா விடுதலை பெற்ற கையோடு நில தேசியமயச் சட்டம் வந்தது. கையில் மிஞ்சியது பத்திரம் மட்டும். மலிவாக வந்தது என்பதற்காகவே ஒரு சொத்து லாபமாகிவிடாது என்பதற்கு, தமிழர் வரலாற்றில் இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் வேறு வகையான அடி. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு மதிப்பிழந்து கொண்டே போக, பழைய கடன்காரர்கள் அதை வைத்து அடமானத்தைத் தீர்த்தார்கள். போர் முடிந்ததும் அந்த நோட்டு வெறும் காகிதம். தீர்ந்த கடன் தீர்ந்ததா இல்லையா என்ற வழக்குகளுக்காகவே 1948 இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. 1951 இன் வட்டிக்கடைச் சட்டம் ஈடுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, ஈடில்லாக் கடனுக்கு 18 விழுக்காடு என்று வட்டிக்கு வரம்பு கட்டியது. பல விலாசங்கள் கடையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பின. அவர்கள் விட்டுப்போன கடைவீடுகளைக் கையில் ரொக்கம் வைத்திருந்தவர்கள் வாங்கினார்கள். தோட்டத்துத் தமிழர்கள் கையில் ரொக்கம் இல்லை. நூறாண்டு இந்த மண்ணில் வேலை செய்தும், ஏலக் கூடத்தில் நாங்கள் நின்றது வேடிக்கை பார்க்கும் வரிசையில்தான்.

என் தந்தை பால்வெட்டுத் தொழிலாளி. அவர் காலத்தில் வந்த இடி தோட்டத் துண்டாடல். விடுதலைக்கு முன்னும் பின்னும் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வியாபாரக் கூட்டுகள் முன்பணம் மட்டும் கட்டி, தோட்டத்தைத் தாளிலேயே துண்டு போட்டு விற்றன. பொருளியலாளர் உங்கு அசிஸ் தலைமையில் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்த அறிக்கை, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்ததைப் பதிவு செய்தது. ஒரு தோட்டம் விலைக்கு வந்தால், அதில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவனுக்கு அதை வாங்கும் வழியே கிடையாதா என்று கேட்டவர் துன் வீ.தி. சம்பந்தன்.

அவர் 1960 இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அந்தக் கேள்விக்குப் பதில். பங்கு ஒன்றின் விலை 100 வெள்ளி. அதை மாதம் பத்து பத்து வெள்ளியாகக் கட்டலாம். அமைச்சராக இருந்தவர் லயத்து வாசலில் வந்து நின்று, கள்ளுக்கடையில் போகும் காசை இங்கே போடுங்கள் என்று கேட்டார் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். 1961 இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. வாங்கிய தோட்டத்தில் மரம் இருந்தது, வெட்ட ஆள் இருந்தது, பாலுக்குச் சந்தை இருந்தது. அதனால்தான் அந்த முதலீடு நிலைத்தது. கோலாலம்பூர் சுல்தான் சுலைமான் சாலையில் நிற்கும் விஸ்மா துன் சம்பந்தன் கட்டடம் அந்தப் பத்து வெள்ளிகளின் அடையாளம். என் தந்தையும் அதில் ஒரு பங்குக்காரர் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

கூட்டாகப் பணம் போடுவது தன்னாலேயே பாதுகாப்பாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1985, 86 மந்தத்தில் நிலத்திலும் கட்டடத்திலும் பங்கிலும் முடங்கிய 24 வைப்புக் கூட்டுறவுகளின் நடவடிக்கைகளை 1986 இல் அரசு முடக்கியது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு மாட்டிக்கொண்டது. சம்பந்தன் சங்கம் உழைக்கும் தோட்டத்தை வாங்கியது. முடக்கப்பட்ட கூட்டுறவுகளோ விலை ஏறும் என்று நம்பிச் சும்மா கிடக்கும் சொத்தை வாங்கின. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

பழைய டவுன் கடைகள் காலியானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1948 ஜனவரி 31 க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. வாடகை உயராது, குடியிருப்பவரை எளிதில் எழுப்பவும் முடியாது. அதனால் சொந்தக்காரர் பழுது பார்க்கவில்லை. ஆனால் கடையில் ஆள் இருந்தார். அந்தச் சட்டம் 1997 இல் நீக்கப்பட்டு, 1999 டிசம்பர் 31 வரை அவகாசம் தரப்பட்டது. அதே 1997 இல் ஆசிய நாணய நெருக்கடி. வாடகையை ஏற்றலாம் என்று சட்டம் சொன்ன நேரத்தில், ஏற்றிய வாடகையைக் கட்ட வியாபாரம் இல்லை. தையற்கடைகளும் முடிதிருத்தகங்களும் கடைமுன் நடைபாதையான அஞ்சடியைக் காலி செய்தன. சிரம்பான் 2 போன்ற புதிய நகரியங்கள் மிச்ச வாடிக்கையையும் இழுத்துக்கொண்டன. வங்கிகளின் வாராக்கடனை வாங்க 1998 இல் அமைத்த டானாஹர்த்தா, ஈடாக வந்த கட்டடங்களை டெண்டர் விட்டு விற்று, 2005 இல் மூடப்பட்டது. அந்த விற்பனைகளில் கடனில்லாக் காசோடு வந்தவர்கள் நன்றாக வாங்கினார்கள். கடன் வாங்கி வந்தவர்களில் சிலர் பெயரை, சில ஆண்டு கழித்து அடுத்த ஏல அறிவிப்பில் நானே தட்டச்சு செய்தேன்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். கதவில் ஒட்டியிருக்கும் தாள் எந்த வகை என்று முதலில் பாருங்கள். 1965 தேசிய நிலச் சட்டப்படி வங்கி கேட்டு, நீதிமன்றமோ நில அலுவலகமோ நடத்தும் ஏலம் ஒன்று. சொந்தக்காரர் திவாலாகி, அவர் சொத்து திவால்துறைத் தலைமை இயக்குநர் கைக்குப் போன பிறகு நடக்கும் விற்பனை இன்னொன்று. கம்பெனி நொடித்தால் கலைப்பாளர் விற்பார். மூன்றிலும் தாள் வேறு, பேச வேண்டிய ஆள் வேறு. 1967 இன் திவால் சட்டம் 2017 இல் திருத்தப்பட்டுப் பெயரும் மாறியது. ஒருவரைத் திவாலாக்கக் கடன் வரம்பு இப்போது 1,00,000 வெள்ளி.

ஏலத்தில் அடிப்படை விலையில் 10 விழுக்காட்டை முன்பணமாகக் கட்டித்தான் கையைத் தூக்க வேண்டும். மீதியைப் பெரும்பாலும் 120 நாளில் கட்ட வேண்டும். தவறினால் முன்பணம் போய்விடும். கேட்க ஆளில்லாத கட்டடத்துக்கு அடுத்த ஏலத்தில் விலை 10 விழுக்காடு குறைவது வழக்கம். நான்கு முறை குறைந்த கட்டடம் மலிவு என்று மகிழாதீர்கள். நான்கு முறை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை என்று விசாரியுங்கள். உள்ளே ஆள் இருந்தால் வெளியேற்றும் செலவு உங்களுடையது. நில வரி, நகராண்மை மதிப்பீட்டு வரி, கட்டடப் பராமரிப்புப் பாக்கி எது யார் தலையில் என்று விற்பனை நிபந்தனைகளை வக்கீலிடம் காட்டிப் படியுங்கள். குத்தகை நிலமானால் எத்தனை ஆண்டு மிச்சம், மாநில அனுமதி வேண்டுமா, ஒதுக்கீட்டு நிலமா என்பதைக் கிராண்ட்டே சொல்லும்.

இவ்வளவும் பார்த்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்தக் கடையைத் திறந்து யார் தொழில் நடத்தப் போகிறார்? 1932 இல் கடைகள் காலியானது கட்டடம் கெட்டதால் இல்லை. லயத்தில் ஆள் இல்லாததால். புக்கிட் சிடிம் பிழைத்தது மலிவாகக் கிடைத்ததால் இல்லை. அங்கே உழைக்க ஆள் இருந்ததால். பல்மருத்துவமனையோ, பாலர்பள்ளியோ, மளிகைக்கடையோ, நடத்துபவர் உங்களில் ஒருவராக இருக்கட்டும். வங்கிக் கடனைக் குறைத்து, நம்பிக்கையான ஐந்து பேர் எழுத்துமூலம் ஒப்பந்தம் போட்டுச் சேருங்கள். நடத்த ஆள் முடிவான பிறகு ஏலக் கூடத்துக்குப் போங்கள். ஆள் முடிவாகாதவரை, விலை எவ்வளவு இறங்கினாலும் கையைத் தூக்காதீர்கள்.